உடன்படிக்கையும் நிய்யத்தும்

மனிதன் எழுதிக் கொடுத்த எழுத்தைக் கண்ணால் காண முடியும். அதை எழுதும்போது அவன் உள்ளத்தில் கொண்டிருந்த எண்ணத்தைக் காண முடியாது. எழுத்தைப் பார்த்து எண்ணத்தை ஊகிக்கிறோம். அந்த ஊகத்தை நம்பியே வணிகம் செய்கிறோம். பெண் கொடுக்கிறோம், பெண் எடுக்கிறோம். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறோம். அரசுகளும் அவ்வாறே ஒன்றையொன்று நம்பி உடன்படிக்கை செய்துகொள்கின்றன. தனி மனிதன் ஏமாந்தால் ஒரு குடும்பம் வருந்தும். அரசுகள் ஏமாற்றினாலோ ஏமாந்தாலோ, அவ்வுடன்படிக்கையைக் கண்ணாலும் காணாத இலட்சக்கணக்கான குடும்பங்கள் வருந்தும். ஆகவே, வாக்கு என்பது எழுத்தில் இருக்கிறதா, எண்ணத்தில் இருக்கிறதா, எழுத்தை மீறாமலே ஒருவரை வஞ்சிக்க முடியுமா, வஞ்சிக்கப்பட்டவனுக்கு எதுவரை உரிமை உண்டு என்னும் வினாக்கள் அரசியலாருக்கு மட்டும் உரியவை அல்ல. அவை நம் எல்லோருக்கும் உரிய அறவினாக்கள்.

இவ்வினாக்களை ஆராய்வோர் பெரும்பாலும் 1914-ஆம் ஆண்டின் ஐரோப்பாவை எடுத்துக்காட்டுவர். அது பொருத்தமான எடுத்துக்காட்டே. பெல்ஜியம் எவர் பக்கமும் சாராத நாடாக இருக்கும் என்று 1839-இல் பிரிட்டன், பிரான்ஸ், பிரஷ்யா, ஆஸ்திரியா, ருஷ்யா ஆகிய வல்லரசுகள் உறுதி அளித்தன. பிரஷ்யாவின் வாக்கு பிற்காலத்தில் ஜெர்மானியப் பேரரசின் வாக்காயிற்று. ஆனால், பிரான்சை விரைந்து வெல்லவேண்டுமாயின் பெல்ஜியத்தின் ஊடாகவே செல்லவேண்டும் என்று ஜெர்மானியப் படைத்தலைமை பல்லாண்டுகளுக்கு முன்பே திட்டம் வகுத்து வைத்திருந்தது. உடன்படிக்கை ஒரு பெட்டியில் இருந்தது. அதை மீறும் திட்டம் மற்றொரு பெட்டியில் இருந்தது. 1914 ஆகஸ்டு 4-ஆம் நாள் இரண்டாவது பெட்டி திறக்கப்பட்டது. மறுபுறம், 1882 முதல் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நேசநாடாக இருந்த இத்தாலி, 1902-இலேயே பிரான்சுடன் இரகசியமாக ஓர் இணக்கம் செய்துகொண்டது. 1915 மே மாதத்தில் தன் பழைய நேசநாடான ஆஸ்திரியாவின் மீதே போர் தொடுத்தது. அப்போர் எங்கோ நடந்தது என்று நாம் இருந்துவிட முடியவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியது. அதன் பெயர் நம் பேச்சு வழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது.

எனினும், இப்பாடத்தைக் கற்க நாம் ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டியதில்லை. தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். ஐந்து ஆறுகள் வளம்படுத்தும் இம்மண், பதினெட்டாம் நூற்றாண்டில் அத்தனை உடன்படிக்கைகளின் விளைவையும் தன் மீது சுமந்தது. அதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

தஞ்சையைக் காப்பதாகச் சொன்ன கைகள்

அக்காலத்தில் தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. மேற்கே மைசூரில் ஹைதர் அலி, வடக்கே ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, அவருக்கும் அப்பால் ஹைதராபாத் நிஜாம், பூனாவில் பேஷ்வா, கடற்கரையில் ஆங்கிலக் கும்பெனியும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும். இத்தனை பேருக்கும் இடையே சிறிய, ஆனால் நெல் குவியும் நாடு தஞ்சை. எல்லோருக்கும் அதன் நட்பு தேவைப்பட்டது. அதைவிட அதன் நெல்லும் பணமும் தேவைப்பட்டன.

1749-இல், அரசுரிமை இழந்த ஷாஜி என்பவருக்கு அரியணையை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கும்பெனியார் தஞ்சை மன்னர் பிரதாப சிங்கின் மீது படையெடுத்தனர். கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் உள்ள தேவிக்கோட்டை கைக்கு வந்ததும், அதைத் தாம் வைத்துக்கொண்டு பிரதாப சிங்குடன் சமாதானம் செய்தனர். ஷாஜிக்குக் கிடைத்தது ஓர் உதவித்தொகை மட்டுமே. ‘நீதிக்காக வந்தோம்’ என்பது சொல். ‘துறைமுகத்துக்காக வந்தோம்’ என்பது எண்ணம்.

1762-இல் நவாபுக்கும் தஞ்சைக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பழைய பாக்கிக்காக 22 இலட்சமும், ஆண்டுதோறும் கப்பமாக 4 இலட்சமும் தஞ்சை செலுத்தவேண்டும். இதற்குக் கும்பெனியே பிணை. அப்போது சென்னையின் கவர்னர் பிகட். தஞ்சையின் கண்ணோட்டத்தில் பிணை என்பதன் பொருள் தெளிவானது: ‘நான் செலுத்த வேண்டியதைச் செலுத்தினால் என்னை எவரும் தாக்க மாட்டார்’ என்பதே அது. ஆனால் 1771-இல் அந்தப் பிணையாளரின் படையே நவாபுக்காகத் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டது. 1773-இல் மீண்டும் வந்து கோட்டையைப் பிடித்து, துளஜாஜி மன்னரைச் சிறைப்படுத்தி, நாட்டை நவாபிடம் ஒப்படைத்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1776 ஏப்ரலில், இரண்டாம் முறை கவர்னராகத் திரும்பிவந்த அதே பிகட் பிரபு மன்னரை அரியணையில் மீண்டும் அமர்த்தினார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அவருடைய சபையினர் அவரைக் கைது செய்தனர்; 1777-இல் காவலிலேயே அவர் இறந்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கும்பெனி அலுவலர் பலருக்குத் தஞ்சையின் வருவாய் நவாபின் கையில் இருப்பதே இலாபமாக இருந்தது என்பதை அறிந்தால், இந்நிகழ்ச்சிகளின் உட்பொருள் விளங்கும்.

இடையில் 1769-ஐயும் நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில், சென்னையின் வாயில்வரை படையுடன் வந்துவிட்ட ஹைதர் அலியுடன் கும்பெனி சமாதானம் செய்துகொண்டது. ஒருவரை மற்றவர் தாக்குவதில்லை; ஒருவரை மூன்றாமவர் தாக்கினால் மற்றவர் உதவவேண்டும் என்பது அதன் சாரம். அவ்வுடன்படிக்கையில் நேசர் என்னும் வகையில் தஞ்சை அரசர் தனித்துக் குறிப்பிடப்பட்டிருந்தார். எழுத்து அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆனால் நான்கே ஆண்டுகளில், கையெழுத்திட்ட இருவருள் ஒருவரான கும்பெனி தஞ்சையைப் பறித்தது. பன்னிரண்டு ஆண்டுகளில், மற்றவரான ஹைதரின் குதிரைப்படை தஞ்சையின் வயல்களில் இறங்கியது. எழுத்தில் பெயர் இருந்ததால் தஞ்சைக்கு விளைந்த பயன் யாது?

சமாதானத் தூதரும் போர் ஆயத்தமும்

1769-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. பேஷ்வா மாதவராவின் படைகள் மைசூரைத் தாக்கின. ஹைதர் கும்பெனியின் உதவியைக் கோரினார். உதவி வரவில்லை. மழை பெய்யும் ஆண்டில் முறைத்தண்ணீர் பற்றி எவரும் சண்டையிடுவதில்லை. தண்ணீர் குறைந்த ஆண்டில்தான், தலைமடைக்காரன் தன் முறை முடிந்ததும் மதகை அடைக்கிறானா என்பது தெரியும். உடன்படிக்கையும் அவ்வாறே. அதைக் காப்பதால் இழப்பு நேரும் நாளே அதன் சோதனை நாள். அந்நாளில் கும்பெனி தவறியது. ஹைதர் அதை மறக்கவில்லை.

1778-இல் அமெரிக்கப் போரை முன்னிட்டு பிரான்சும் பிரிட்டனும் பகையாயின. அங்கு மூண்ட தீ இங்கும் பரவியது. கும்பெனி அவ்வாண்டு அக்டோபரில் புதுச்சேரியைக் கைப்பற்றியது. அடுத்து அதன் பார்வை மலையாளக் கரையிலுள்ள மாஹியின் மீது விழுந்தது. அது பிரெஞ்சுக்காரரின் துறைமுகமே எனினும், ஹைதருக்கு வேண்டிய போர்த்தளவாடங்கள் வந்து இறங்கிய வழி அது. தம் பாதுகாப்பில் உள்ள இடம் என்று அவர் அறிவித்தும் இருந்தார். 1779 மார்ச்சில் மாஹி வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே கும்பெனிப் படையொன்று குண்டூர் விவகாரத்தை முன்னிட்டு, ஹைதரின் அனுமதியின்றி அவர் ஆட்சிக்குட்பட்ட கடப்பைப் பகுதி வழியே செல்ல முற்பட்டது.

இந்நிலையில்தான் சென்னைக் கவர்னர் ரம்போல்டு, ஹைதரின் உள்நோக்கத்தை அறிந்துவரவும், கும்பெனி சமாதானத்தையே விரும்புகிறது என்று அவருக்கு எடுத்துரைக்கவும் ஒருவரைத் தேடினார். அவர் தேர்ந்தெடுத்தவர் படைத்தலைவர் அல்லர், வணிகரும் அல்லர். தஞ்சையில் வாழ்ந்த பிரஷ்ய நாட்டுப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, மக்களிடையே கலந்து வாழ்ந்தவர். 1779-இல் அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். ஹைதர் அவரை மரியாதையுடன் வரவேற்றார். அவர் சொன்னவற்றைப் பொறுமையுடன் கேட்டார். அதே வேளையில், கும்பெனி தமக்கிழைத்த குறைகளையும் மறைக்காமல் எடுத்துக்காட்டினார். விடைபெறும்போது வழிச்செலவுக்கென ஹைதர் அளித்த பணமுடிப்பைப் பாதிரியார் சென்னைச் சபையிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளுமாறு அவர்கள் சொல்ல, அதைத் தஞ்சையில் ஒரு தருமப் பள்ளிக்கு முதலாக்கினார்.

தூதர் உண்மையானவர். அவரை அனுப்பியவர்களின் எண்ணம் யாது? சமாதானச் செய்தி போய்க்கொண்டிருந்தபோதே, சமாதானத்தைக் குலைக்கும் செயல்கள் நடந்துகொண்டிருந்தன. தூது என்பதற்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் நாட்டில், தூதனுக்கு உரிய குணங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தூதனை அனுப்புவோனின் குணத்தைப் பற்றிப் பேசியது குறைவே. பொய்யைப் பொய்யன் வாயால் சொல்லி அனுப்பினால் கேட்பவன் எச்சரிக்கை கொள்வான். மெய்யன் வாயால் சொல்லி அனுப்பும்போதோ, கேட்பவனும் வஞ்சிக்கப்படுகிறான். அந்த மெய்யனும் வஞ்சிக்கப்படுகிறான்.

ஹைதர் வஞ்சனையில் சிக்கவில்லை. சில மாதங்களுக்குள் பூனா, நிஜாம் ஆகியோருடன் கூட்டணி அமைத்தார். 1780 ஏப்ரலில் ரம்போல்டு பதவியை விட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். ஜூலையில் ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட படை கணவாய்களின் வழியே ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கியது. செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சியை அடுத்த பொள்ளிலூரில் கும்பெனிப் படையொன்று முற்றிலும் அழிந்தது.

மார்க்க நூலோர் வகுத்த எல்லை

இங்கு நாம் சற்று நின்று, நம் அறநூலோர் இதைப் பற்றி யாது கருதினர் என நோக்குவோம். இமாம் புகாரி (ரஹ்) தம் தொகுப்பையே நிய்யத் பற்றிய நபிமொழியைக் கொண்டு தொடங்கினார். செயலின் மதிப்பு எண்ணத்தில் இருக்கிறது என்பது நம் குழந்தைகளும் அறிந்த பாடம். ஆனால் காழி என்னும் நீதிபதிக்கு உள்ளத்தைப் பிளந்து பார்க்கும் ஆற்றல் இல்லை. அவர் வெளிப்படையானதைக் கொண்டே தீர்ப்பளிப்பார். எண்ணத்தின் கணக்கு இறைவனிடம் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்தவர்களே ஃபிக்ஹு அறிஞர்கள்.

‘போர் என்பதே சூழ்ச்சி என்ற கருத்தில் நபிமொழி உண்டே, அவ்வாறாயின் எண்ணத்தை மறைப்பது எப்படிக் குற்றமாகும்?’ என்று ஒருவர் வினவலாம். நேர்மையான வினா. அரசை நடத்துவோர் தம் படையின் நடமாட்டத்தை ஊரறியச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவ்வாறு சொன்னால் தம் குடிமக்களுக்கே தீங்கிழைத்தவராவர். ஆனால் அறிஞர்கள் ஒரு கோடு கிழித்தனர். போர் அறிவிக்கப்பட்ட பகைவனிடம் மறைப்பது சூழ்ச்சி. அவன் உன்னிடம் எதிர்பார்ப்பதும் அதுவே. உன் வாக்கை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தவனிடம் மறைப்பது துரோகம். அரபியில் அதற்குப் பெயர் ‘கத்ர்’. முதலாவதில் நீ அவனுடைய கண்ணை மறைக்கிறாய். இரண்டாவதில், அவன் உன்னிடம் ஒப்படைத்த நம்பிக்கையையே ஆயுதமாக்கி அவனைத் தாக்குகிறாய். உடன்படிக்கையைத் தொடர முடியாத நிலை வந்தால், அதை வெளிப்படையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரு சாராரும் சம அளவில் அறிந்த பிறகே எதுவும் செய்யலாம் என்பது மார்க்கச் சட்டம்.

இதற்கு நபிமொழித் தொகுப்புகளில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. முஆவியா (ரலி) அவர்களுக்கும் ரோமருக்கும் இடையே குறிப்பிட்ட காலத்துக்குப் போர்நிறுத்தம் இருந்தது. தவணை முடியும் நாளன்று எல்லையில் இருந்தால் உடனே தாக்கலாம் என்று எண்ணி, தவணைக்குள்ளாகவே அவர்கள் படையை நடத்திச் சென்றார்கள். உடன்படிக்கையின் ஓர் எழுத்தும் அதனால் மீறப்படவில்லை. அப்போது குதிரை மீது ஒருவர் விரைந்து வந்து, வாக்கைக் காக்க வேண்டும், துரோகம் கூடாது என்று முழங்கினார். அவர் நபித்தோழர் அம்ர் இப்னு அபஸா (ரலி). உடன்படிக்கை செய்துகொண்டவன், அதன் தவணை முடியும்வரையோ வெளிப்படையாகத் திருப்பிக் கொடுக்கும்வரையோ அதில் எதையும் மாற்றக்கூடாது என்று நபிகளார் (ஸல்) கூறக் கேட்டதாக அவர் அறிவித்தார். முஆவியா (ரலி) படையைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பெருமைகள் உள்ளன. எழுத்து மீறப்படாவிட்டாலும் எண்ணம் மீறப்பட்டால் அது மீறலே என்று சொல்ல ஒருவர் இருந்தார். அதைக் கேட்டுத் திரும்ப ஓர் ஆட்சியாளர் இருந்தார். 1914-இல் பெர்லினிலும் 1779-இல் சென்னையிலும் இல்லாமற் போனது இதுவே.

ஹுதைபியாவையும் இங்கு நினைக்கலாம். ஹிஜ்ரி 6-இல் குறைஷியருடன் உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோதே, குறைஷித் தூதர் ஸுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) விலங்குடன் தப்பி வந்து முஸ்லிம்களிடம் அடைக்கலம் கேட்டார். மக்காவிலிருந்து வருவோரைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது அப்போதுதான் பேசி முடித்த நிபந்தனை. எழுதியும் முடியவில்லை. தோழர்களின் உள்ளம் கொதித்தது. ஆயினும் நபிகளார் (ஸல்) அவரைப் பொறுமை காக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வாக்கைக் காப்பது மிக வலித்த நேரத்தில் அது காக்கப்பட்டது.

வஞ்சிக்கப்பட்டவனின் உரிமை

இனி, நம்முள் பலர் எழுப்பத் தயங்கும் வினாவுக்கு வருவோம். ஹைதர் அலியின் முறையீடு நியாயமானது. 1769-ஆம் ஆண்டு வாக்கு காக்கப்படவில்லை, மாஹி பறிபோனது, எல்லை மீறப்பட்டது. அவர் போர் தொடுத்ததில் குறைகாண்போர் சிலரே. கும்பெனியை எதிர்த்து நின்ற வீரர் என்று அவரையும் அவர் மைந்தர் திப்பு சுல்தானையும் நாம் போற்றுவதிலும் நியாயம் உண்டு.

ஆனால் 1781-இல் அவருடைய படைகள் தஞ்சைச் சீமையில் புகுந்தபோது நிகழ்ந்தவற்றையும் மறைக்கலாகாது. கோட்டை மட்டும் கும்பெனியின் காவலில் நின்றது. சுற்றியிருந்த நாடு சூறையாடப்பட்டது. பயிர் அழிந்தது, ஆடு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, மக்கள், குழந்தைகள் உட்பட, சிறைபிடித்துக் கொண்டு செல்லப்பட்டனர். வீடுகள் பாழாயின, பஞ்சம் வந்தது. ‘ஹைதர் கலாபம்’ என்று தஞ்சை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது இதையே. 1782 பிப்ரவரியில் கும்பகோணத்தை அடுத்த பகுதியில் பிரெய்த்வெயிட் தலைமையிலான கும்பெனிப் படையைத் திப்பு முறியடித்தார். போர்க்கலையில் அது வெற்றியே. அவ்வேளையில் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜருக்கு வயது பதினைந்துகூட நிரம்பவில்லை. பின்னாளில் இசையால் உலகறிந்த அவ்வூர், அன்று படைகள் நடமாடிய நாட்டின் நடுவில் இருந்தது.

தஞ்சை உழவன் 1769-இல் வாக்கை மீறினானா? மாஹியைப் பிடித்தானா? துளஜாஜி மன்னர் கும்பெனியின் நேசராக இருந்தார் என்றால், அதுவும் அவர் விரும்பி ஏற்ற நேசம் என்று சொல்வதற்கில்லை. பறித்தவரிடமிருந்தே திரும்பப் பெற்ற அரியணை அது. சிரியாவுக்குப் படை அனுப்பிய முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி), பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லக்கூடாது, கனி தரும் மரங்களை வெட்டக்கூடாது என்று படைத்தலைவருக்கு அறிவுறுத்தி அனுப்பினார்கள். பகைவன் வாக்கை மீறினால் இவ்வறம் நீங்கிவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. வஞ்சிக்கப்பட்டவனுக்கு வஞ்சித்தவன் மீது உரிமை உண்டு. வஞ்சனையில் பங்கில்லாதவன் மீது உரிமை இல்லை. நம்மவர் செய்தார் என்பதற்காக அநீதியின் பெயரை மாற்றி எழுதினால், நாமும் எழுத்தை ஒரு பெட்டியிலும் எண்ணத்தை மற்றொரு பெட்டியிலும் வைத்தவர்களாவோம்.

மேலும், இவற்றை மதச் சண்டையாகக் காண்போர் வரலாற்றைப் பிழைபடக் காண்கின்றனர். ஹைதருடன் சேர்ந்தவர் பூனாவின் பிராமண அமைச்சர் நானா பட்னாவிஸ். கும்பெனியுடன் நின்றவர் முஸ்லிமான ஆர்க்காட்டு நவாப். தஞ்சை மராட்டியர் பூனா மராட்டியருக்கு எதிரணியில் இருந்தனர். ஒவ்வொருவரும் அண்டை வீட்டானை அஞ்சி, தொலைவில் இருந்து வந்தவனை நம்பினர். அக்கூட்டணியும் நிலைக்கவில்லை. குண்டூரைத் திருப்பித் தந்து நிஜாமைக் கும்பெனி விலக்கியது. 1782-இல் சால்பாய் உடன்படிக்கையால் பூனாவும் விலகியது. அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் இறக்க, 1784-இல் மங்களூரில் திப்பு தனித்து நின்று சமாதானம் செய்தார். 1790-இல் பூனாவும் நிஜாமும் கும்பெனியுடன் சேர்ந்து அவர் மீதே படையெடுத்தனர். முடிவு யாது? 1799-இல் திப்பு வீழ்ந்தார். அதே ஆண்டில் தஞ்சையின் ஆட்சி கும்பெனியிடம் போயிற்று. 1801-இல் ஆர்க்காடு போயிற்று. 1818-இல் பேஷ்வாவின் அரசு போயிற்று. பிறர் வீட்டுக்குத் தீ வைக்க உதவியவர் எவருக்கும் தம் கூரை மிஞ்சவில்லை.

எண்பதாயிரம் கலம் நெல்

இவ்வளவு கையெழுத்துகளும் பயனற்றுப்போன அந்நாட்களில், ஒரே ஒரு வாக்கு மட்டும் பயன் தந்தது. அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது.

ஹைதரின் படைகள் நாட்டைச் சூழ்ந்திருந்தபோது தஞ்சைக் கோட்டையில் உணவு தீர்ந்தது. படைவீரர்களும் உள்ளே வந்து ஒடுங்கிய மக்களும் பட்டினியால் தெருவில் மாண்டனர். வெளியே கிராமங்களில் இன்னும் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் வேண்டும். மாடு வைத்திருந்த குடியானவர்கள் வர மறுத்தனர். முன்னர் அரசாங்கத்தாரை நம்பிக் கொடுத்தபோது விலை கிடைக்கவில்லை, மாடும் திரும்பவில்லை. மன்னரும் கும்பெனி அதிகாரிகளும் எவ்வளவோ வாக்களித்தனர், எவரும் அசையவில்லை. இறுதியில், தாமும் கும்பெனியாரும் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டதாகவும், சுவார்ட்ஸ் ஐயரையாவது அவர்கள் நம்புகிறார்களா பார்க்கலாம் என்றும் மன்னரே ஒப்புக்கொண்டார்.

பாதிரியார் சுற்றுக் கிராமங்களுக்கு ஆளனுப்பி, விலையைத் தாமே கையில் தருவதாகச் சொன்னார். இரண்டு மூன்று நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. விரைவில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. அவர் சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் பணம் கொடுத்து அனுப்பினார். கோட்டையில் இருந்தோர் பிழைத்தனர். ஹைதரும், அப்பாதிரியார் எங்கு சென்றாலும் தடுக்கவேண்டாம் என்று தம் படையினருக்கு ஆணையிட்டிருந்தார். போரிட்ட இரு சாராரும் நம்பிய ஒரே மனிதர் அவர். 1798-இல் அவர் மறைந்தபின், அவரால் வளர்க்கப்பட்ட சரபோஜி மன்னர் எழுப்பிய பளிங்கு நினைவுச் சிற்பம் தஞ்சையில் உள்ள தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் அவரிடம் விளங்கிய பண்புக்கு நம் மொழியில் பெயர் உண்டு: ‘அமானத்’. நபித்துவம் வருவதற்கு முன்பே நம் பெருமானாரை (ஸல்) மக்காவாசிகள் ‘அல்அமீன்’ என்றழைத்தது இப்பண்பு பற்றியே. பகைமை கொண்ட பின்னரும் அவர்கள் தம் பொருள்களை அவரிடமே அடைக்கலம் வைத்தனர் என்பதையும் நாம் அறிவோம்.

இந்நிகழ்ச்சி நம் முதல் வினாவுக்கு விடை தருகிறது. நிய்யத்தைக் கண்ணால் காண முடியாது என்பது ஒரு நாளைக்கு உண்மை. இருபது ஆண்டுகளுக்கு உண்மை அல்ல. அரசுக்கு முத்திரை இருந்தது; கும்பெனிக்குப் பீரங்கி இருந்தது; இரண்டையும் உழவன் நம்பவில்லை. முத்திரையும் பீரங்கியும் இல்லாத ஒருவர் சொன்ன சொல்லுக்கு மாடு அவிழ்த்தான். அவன் நம்பியது எழுத்தை அல்ல. காக்கப்பட்ட பழைய வாக்குகளின் கணக்கை. எண்ணம் மறைந்தே இருக்கும். ஆனால் இழப்பு நேர்ந்த நாட்களில் ஒருவன் எவ்வாறு நடந்தான் என்பதன் மூலம் அது மெல்ல மெல்ல வெளிப்பட்டுவிடுகிறது. அவ்வாறு சேர்ந்த நம்பிக்கையே ஒரு நாட்டுக்கும் ஒரு குடும்பத்துக்கும் உண்மையான அரண்.

நாம் வல்லரசுகளின் உடன்படிக்கைகளில் கையெழுத்திடுவோர் அல்லோம். ஆயினும் திருமணப் பேச்சில், கூட்டு வணிகத்தில், பாகப்பிரிவினைப் பத்திரத்தில், வெளிநாட்டு வேலைக்கென வாங்கும் பணத்தில், நாள்தோறும் வாக்குக் கொடுக்கிறோம். எழுத்தில் ஓட்டை வைத்து எழுதிவிட்டு, ‘நான் எதையும் மீறவில்லையே’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எவருக்கும் வரும். அப்போது தவணை முடியும்முன் எல்லையை நோக்கி நடந்த படையையும், குதிரை மீது விரைந்து வந்தவரின் குரலையும் நினைவுகூர்வோம். அக்குரலுக்குத் திரும்பிப்போனவர் தோற்றவர் அல்லர். நம் பிள்ளைகளுக்கு நிலமும் நகையும் விட்டுச் செல்ல இயலாதவரும், ‘இன்னார் சொன்னால் நம்பலாம்’ என்னும் பெயரை விட்டுச் செல்ல இயலும். பஞ்சம் வரும் நாளில் அவர்களுக்கு நெல் கொண்டுவருவது அதுவே.